டெல்மர் கேட்ட திருத்தம்

பொரித்த மீனைத் தொடுமுன் டெல்மர் ஹாக்ஸ்ட்ரா செய்தித்தாளைத் தொட்டுவிடுவார். பிலிப்பைன்ஸின் தூமகெத்தே ஊர்க் கடற்கரைச் சாலைக் கடையில் ஞாயிறுதோறும் அவர் வாய்விட்டுப் படிப்பார். சுற்றியிருக்கும் அமெரிக்கக் கிழவர்கள் பூண்டுச் சோற்றை மென்றபடி கேட்பார்கள். நெப்ராஸ்காவில் வானொலிச் செய்தி வாசித்த தொண்டை, இன்னும் தேயவில்லை. செய்தியில் பிசகு இருந்தால் வாசிப்பு அங்கேயே நிற்கும். மேஜையில் விரலால் ஒரு தட்டு.

"மீன்ல முள்ளு எடுக்கிறானோ இல்லியோ, பேப்பர்ல முள்ளு எடுக்காம விடமாட்டான்" என்பான் சிநேகிதன் க்ளைடு.

அப்படி ஒரு ஞாயிறு முதல் பக்கத்தில் கொட்டை எழுத்து: 'வெளிநாட்டில் வாழும் அமெரிக்கர் எல்லோரும் இனி அமெரிக்காவுக்கு வரி கட்ட வேண்டும்.'

தட்டினார். "தப்பு. கணக்குக் காட்டணும், அவ்வளவுதான். எல்லாரும் கட்டணும்னு இல்லை. சட்டம் மாறவும் இல்லை."

பக்கத்து மேஜை யூனிஸுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஒஹையோக்காரி, இங்கே கல்லூரியில் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறாள். கணவன் லூசியோ இறந்த பிறகும் அவன் ஊரை விடாதவள். அவன் வழியில் இந்நாட்டுக் குடியுரிமையும் அவளுக்கு உண்டு.

"இங்கயும் வரி, அங்கயும் வரின்னா நான் எதைத் திங்கிறது?" என்றாள். என்றவள், அமெரிக்கக் குடியுரிமையையே விட்டுவிட மணிலா தூதரகத்தில் நாளும் வாங்கிவிட்டாள்.

"விட்டா விட்டதுதான் யூனிஸ். அப்புறம் ஒஹையோவுல படுத்த படுக்கையா இருக்கிற உங்கம்மாவைப் பார்க்க நீ விசாவுக்கு நிக்கணும். அவங்க இருக்கிற நிலைமைக்கு அது தாங்குமா?"

"நீ சொல்றது வாய்ச்சொல்லு, டெல்மர். இது அச்சுல வந்தது."

அந்தச் சொல்தான் அவரைச் சுட்டது.

பத்திரிகை ஆசிரியை மரிவிக் யாரோ அல்ல. டெல்மரின் மனைவி பெர்லிட்டாவுக்குப் பெரியம்மா பேத்தி. மாதா கோவிலில் அவளுக்கு ஞானத்தகப்பனாக நின்றவரும் டெல்மர்தான். அவள் அவரை அழைப்பது 'நினோங்' என்று. அந்த ஊரில் சொந்தக்காரர் முகத்துக்கு நேரே குற்றம் சொல்வது வழக்கமில்லை.

"நேராப் போய்த் தப்புன்னு சொல்லிடாதீங்க. நான் அவ அம்மாகிட்ட சொல்றேன், அவ இவகிட்ட சொல்லட்டும்" என்றாள் பெர்லிட்டா.

"சொந்தமெல்லாம் சுத்தி வர்றதுக்குள்ள யூனிஸ் கையெழுத்துப் போட்டுடுவா" என்று தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

பத்திரிகை அலுவலகத்தில் யூனிஸ் விஷயத்தைக் கேட்டு மரிவிக் திகைத்துப் போனாள். "நினோங், எங்க நாட்டுல கணக்குக் குடுக்கிற ஜன்னலும் காசு கட்டுற ஜன்னலும் ஒண்ணுதானே? குடுத்தாலே கட்டினதுதானே? கெடு வருதுன்னு நினைவூட்டி அமெரிக்கத் தூதரகத்துல இருந்து வந்த அறிக்கையைப் புதுச் சட்டம்னு நெனச்சிட்டேன்."

வெட்கத்தோடு அவசரமாக ஒரு வரி எழுதி நீட்டினாள்: 'வெளிநாட்டில் வாழும் அமெரிக்கர் வரி கட்ட வேண்டியதில்லை.'

அந்த ஒரு வரி போதும், யூனிஸ் மணிலாவுக்குப் போகமாட்டாள். டெல்மர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இதுவும் தப்பும்மா. நான் கட்டுறேனே."

"உங்களுக்கு வேண்டியது யூனிஸ் போகக்கூடாதுங்கிறதுதானே. இது போதாதா?"

"போதும். ஆனா இதைப் படிச்சுட்டு க்ளைடு கணக்குக் காட்டாம விட்டு மாட்டிக்குவான். வெளிநாட்டுல உழைச்சு வாங்குற சம்பளத்துக்கு ஒரு வரம்பு வரைக்கும் விலக்கு உண்டு. கணக்குக் காட்டிக் கேட்டாத்தான் அதுவும். எங்களை மாதிரி ஓய்வூதியக்காரங்களுக்கு அந்த விலக்கு கிடையாது. ரெண்டையும் எழுது."

"எழுதறேன். உள் பக்கத்துல..."

"தப்பு முதல் பக்கத்துல நெஞ்சை நிமித்திக்கிட்டு நின்னுச்சே! திருத்தம் மட்டும் சேவல்சண்டை விளம்பரத்துக்கு அடியில ஒளியணுமா?"

மரிவிக் எழுதிய வரியை அடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "பிள்ளை இனி நம்ம வாசப்படி மிதிக்க மாட்டா" என்று அன்று முழுக்கப் பெர்லிட்டா பாத்திரங்களோடு பேசினாள்.

அடுத்த ஞாயிறு யூனிஸ் மணிலா விமானத்துக்குப் பெட்டியோடு வந்திருந்தாள். செய்தித்தாள் வந்தது. முதல் பக்கம், அதே கொட்டை எழுத்து: 'நாங்கள் எழுதியது தவறு.' டெல்மர் வாசிக்க, மெல்லும் வாய்களெல்லாம் நின்றன. சம்பளம், வரம்பு, ஓய்வூதியம், எல்லாம் இருந்தது. கடைசி எழுத்துவரை அவர் விரல் அசையவில்லை.

யூனிஸ் தாளைப் பிடுங்கித் தானே படித்தாள். "வருஷா வருஷம் நான் அனுப்புறேனே, அதே கணக்குத்தானா?"

"அதேதான். உன் சம்பளம் அந்த வரம்புக்கு எட்டாத தூரத்துல கிடக்கு."

"ஏழையா இருக்கிறதுல இப்படி ஒரு லாபமா!" பெட்டியைக் காலால் பெஞ்சுக்கு அடியில் தள்ளினாள். "எனக்கும் ஒரு மீன் சொல்லுங்க."

"செத்தோம்! இனிமே இவனைக் கையில பிடிக்க முடியாது" என்று க்ளைடு மேஜையில் தாளம் போட்டான். கடையே சேர்ந்து போட்டது.

அந்தச் சத்தத்துக்கு நடுவே மரிவிக் மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கினாள். தயங்கித் தயங்கி வந்தாள். பெரியவர் கையை வாங்கி நெற்றியில் ஒற்றிக்கொள்வது அங்கே சிறியவர்களின் வணக்கம். அதற்காகக் குனிந்து கை நீட்டினாள். டெல்மர் எழுந்து நின்றார். நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டு, தான் குனிந்து, அதைத் தன் நெற்றியில் ஒற்றிக்கொண்டார்.