மஞ்சள் வட்டம் போட்ட பஸ்

கார்மேகம் கமுதிப் பக்கத்து ஆள். எழுபத்தெட்டில் துபாயில், லேபர் கேம்புக்கும் ஜெபல் அலிக்கும் நடுவே கம்பெனி பஸ் ஓட்டினார். பஸ்ஸா அது? கிளிப்பச்சை அடித்த ஓட்டைத் தகர டப்பா. ஆனாலும் துறைமுக வேலைக்குப் போகிற நம்மாட்கள் அதைத் தவிர வேறொன்றில் கால் வைக்க மாட்டார்கள். சரக்குக் கிட்டங்கிக்கு நீல வண்டி, ஆலைக்குச் சிவப்பு வண்டி. போர்டை எவன் படித்தான்? நிறத்தைப் பார்ப்பான், ஏறுவான், தூங்குவான்.

இந்தச் சுகம் டிரான்ஸ்போர்ட் ஆபீசர் ரகுநாதனுக்குப் பொறுக்கவில்லை. எல்லாவற்றையும் நவீனமாக்குகிறேன் என்று கிளம்பிவிட்டார். ஜப்பானிலிருந்து புது வண்டிகள் வந்து இறங்கின. அத்தனைக்கும் நம்ம ஷெட்டிலேயே ஒரே வெள்ளை அடித்து, ஒரே கம்பெனிப் பெயரை எழுதினார்கள். வெள்ளைக்கார மேனேஜர் மறுநாள் காலையில் வந்து பார்ப்பதாக ஏற்பாடு.

புது வண்டி கைக்கு வந்தால் நம்மாள் சும்மா இருப்பாரா? டயருக்கடியில் எலுமிச்சம்பழம், முகப்பில் மஞ்சள், குங்குமம் என்று சாஸ்திரோக்தமாகச் செய்துவிட்டார். பெயிண்ட் காய்ந்திருக்கவில்லை, அதுதான் வினை. துடைக்கத் துடைக்க மஞ்சள் தட்டகலத்துக்குப் பரவியது.

ரகுநாதனுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. மேனேஜர் இதைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னால் அன்றைக்கே ஊருக்கு டிக்கெட் என்றார். கார்மேகம் பூவாயியைக் கல்யாணம் கட்டி ஊரில் விட்டுவிட்டு வந்து வருஷம்கூட ஆகவில்லை, எந்த முகத்தோடு போய் நிற்பது?

விடிந்தது. கேம்ப் வாசலில் வெள்ளை வெள்ளையாக வண்டிகள் நின்றன. ஆட்கள் திருதிருவென்று விழித்தார்கள். கிட்டங்கிக்காரர்கள் ஆலை வண்டியில் ஏறி, இறங்கி, சாப்பாட்டுத் தூக்கோடு இங்குமங்கும் ஓடினார்கள். யல்லா யல்லா, கிளம்புங்கடா என்று கத்திக் கத்தி ஃபோர்மேன்களுக்குத் தொண்டை கட்டிவிட்டது. மேனேஜர் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

துறைமுக வேலைக்குப் போகிற மாயாண்டி மட்டும் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

"அந்தா, மஞ்சப் பூசியிருக்கு பாருங்கப்பா. நம்மாளு வண்டிதேன்!"

அவ்வளவுதான், அவன் பின்னாலேயே மொத்தக் கூட்டமும் ஏறி உட்கார்ந்துவிட்டது. மேனேஜர் கிட்டே வந்து அந்த மஞ்சளை உற்றுப் பார்த்தார். இது என்ன என்று அவர் கேட்க, ரகுநாதன், ஆட்களுக்கு அடையாளம் தெரிய ஒரு வண்டியில் மட்டும் சோதனைக்காகப் போட்டுப் பார்த்தோம் என்று கூசாமல் அளந்தாரே பார்க்கலாம்! ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கார்மேகம் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

அந்த வாரமே எல்லா வண்டிக்கும் முகப்பில் வட்டம் வந்தது. கிட்டங்கிக்கு நீலம், ஆலைக்குச் சிவப்பு, துறைமுகத்துக்கு மஞ்சள். யோசனை சொன்னதற்கு ரகுநாதனுக்குப் பாராட்டு வேறு.

அடுத்த மாதம் துறைமுகத்துக்கு இன்னொரு புது வண்டி வந்தது. ரகுநாதன் கார்மேகத்தைத் தனியாகக் கூப்பிட்டு, தன் மனைவி நளினி கொடுத்தனுப்பிய மஞ்சள் குங்குமப் பொட்டலத்தைக் கையில் வைத்தார்.

"பூஜையை நீயே போட்டுடுப்பா. ஆனா பெயிண்ட் காயட்டும்."