யாரும் கேட்காத பின்பாதி

ஊர்வலத்தில் மாயவனுக்குப் பெயர் கிடையாது. "டேய் பேண்டு!" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் வரும். கூடவே ஏதாவது புதுப்படப் பாட்டின் முதல் அடி வரும். ஊதிக்கொண்டிருப்பதை அப்படியே விட்டுவிட்டு, கத்தியவனின் பாட்டுக்குத் தாவ வேண்டும். கரும்பு வெட்டப் போகும் நாட்களிலாவது மேஸ்திரி பெயர் சொல்லிக் கூப்பிடுவார். டிரம்பெட்டைத் தூக்கிய நாட்களில் அதுவும் இல்லை.

நைனார்பாளையத்தில் அவருடைய பேண்டு செட்டில் ஐந்து பேர். மாயவன் டிரம்பெட். சின்னதுரை சாக்ஸபோன். கல்வராயன் மலையில் கரியாலூரிலிருந்து இறங்கி வரும் வேடியப்பன் சைடு டிரம். பெரிய டிரம்முக்கும் ஜால்ராவுக்கும் இன்னும் இருவர். எண்பத்தைந்தில் சங்கராபுரம் பக்கம் ஒரு பெரிய செட் கிளம்பியது. சிவப்புச் சட்டை, ஜரிகைத் தோள்பட்டை, பின்னால் ஸ்பீக்கர் கட்டிய வண்டி. இவர்கள் வாசித்த அதே பாட்டுகளை அவர்கள் காது கிழிய வாசித்தார்கள். அடுத்த தை மாதக் கல்யாணங்கள் எல்லாம் அந்தப் பக்கமே போயின.

"பேசாம நாமளும் அங்க போய்ச் சேந்துக்கலாம்ணே," என்றான் சின்னதுரை. "சட்டையாவது குடுப்பான்."

"அவன் வாசிக்கிறதையே நாமளும் வாசிச்சா அவன்தான்டா ஜெயிப்பான். அவங்கிட்ட இல்லாத பாட்டு வேணும்."

"அத எங்க வாங்குவ? சந்தையிலயா?"

"லட்சுமியம்மாகிட்ட."

கள்ளக்குறிச்சியில் குடியிருந்த லட்சுமியம்மாள், இளமையில் நாடகங்களில் நடித்து, பிறகு கம்பெனிகளுக்கு ஆர்மோனியம் வாசித்து மெட்டும் போட்டவர். அவர் மெட்டுகளை அந்த வட்டாரமே முணுமுணுத்தது. போட்டது யார் என்று விசாரித்தவர்கள் குறைவு. மாயவன் விசாரித்திருந்தார். சிறுவயதில் சின்னசேலத்தில் பார்த்த நாடகம் ஒன்றில், ராஜா விழுந்து கிடக்கும் காட்சிக்கு வந்த மெட்டு இன்னும் அவர் வாய்க்குள் இருந்தது.

"ஆடித் திருவிழா வரைக்கும் எங்கூட இருங்க," என்றார் மாயவன். "நம்ம பாட்ட ஊரு நின்னு கேக்கலன்னா நானே உங்கள சங்கராபுரம் கொண்டுபோயி வுட்டுர்றேன். டிரம்பெட்ட வித்துடறேன்."

லட்சுமியம்மாளுக்கு இரண்டு முழங்காலும் போயிருந்தன. ஆர்மோனியத்தின் முன்னால் உட்கார்ந்தபடியே மாயவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா சீனுக்குப் பாட்டு? யாரு வரா, யாரு போறா?"

"சீனெல்லாம் இல்லீங்கம்மா. பேண்டுக்கு. எந்தப் படத்துலயும் இல்லாததா ஒண்ணு."

"சீன் இல்லாம பாட்டா! இதுவரைக்கும் எவனும் என்ன இப்படிக் கேட்டதில்ல."

ஆனாலும் ஒப்புக்கொண்டார். டிரம்பெட் எவ்வளவு மேலே போகும், சாக்ஸபோனில் எந்த இடம் கரகரக்கும், டிரம்மில் தோலா பிளாஸ்டிக்கா என்று துருவித் துருவிக் கேட்டார். எல்லாவற்றுக்கும் மாயவன் பதில் சொன்னார். ஒன்றை மட்டும் அவரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

மெட்டு வந்தது. லட்சுமியம்மாள் பாடப் பாட ஐவரும் மனப்பாடம் செய்தார்கள். ஊர் திரும்பி, சாயங்காலம்தோறும் செங்கல் சூளையில் கல் அடுக்கின் மேல் உட்கார்ந்து ஊதிப் பார்த்தார்கள். மெட்டு நிதானமாகத் தொடங்கும்; மெல்ல ஏறும். பின்பாதியில் டிரம்பெட்டும் சாக்ஸபோனும் ஆளுக்கொரு பக்கம் பிரிந்து போய், இனிச் சேரவே சேராது என்று நினைக்கும்போது ஒன்றாக வந்து விழும். அந்த இடத்தில் ஓயாமல் சிரிக்கும் வேடியப்பன்கூடச் சிரிக்க மாட்டான்.

பங்குனியில் ஒரு சின்ன ஊரில் அம்மன் ஊர்வலம் கிடைத்தது. முதல் தெருவிலேயே விஷயம் புரிந்தது. அம்மன் ஒவ்வொரு வாசலிலும் நிற்பாள். வீட்டுப் பெண் கற்பூரத் தட்டோடு வெளியே வந்தால் ஊதுவது நின்று, டிரம் மட்டும் அடிக்க வேண்டும். தட்டு உள்ளே போனதும் மறுபடி ஆரம்பிக்க வேண்டும். மெட்டைப் பாதியில் பிடிக்க வழியில்லை. முதலிலிருந்து ஊதினார்கள். அடுத்த வாசல், மறுபடி முதலிலிருந்து. நடந்துகொண்டே அந்த நீண்ட அடிகளை ஊத மூச்சும் போதவில்லை. பின்பாதி ஒரு வாசலுக்கும் எட்டவில்லை.

"இன்னாடா, கேசட்டு சிக்கிக்கிச்சா?" என்று ஒருவன் கத்த, கூட்டம் சிரித்தது. இன்னொருவன் சினிமாப் பாட்டு ஒன்றைக் கத்தினான். தாவினார்கள்.

திரும்பும் வழியில் சின்னதுரை சொன்னான்: "மெட்டு நல்ல மெட்டுதாண்ணே. உக்காந்துக்கினு கேக்கறவங்களுக்கு."

மாயவன் நின்றுவிட்டார். "நாம நடந்துக்கினே ஊதறவங்கன்னு அந்தம்மாவுக்கு யாருடா சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. அது சொல்ல வேண்டிய விஷயம் என்றே ஐந்து பேருக்கும் தோன்றவில்லை. பேண்டு என்றால் நடக்கும்.

மறுநாளே ஐவரும் கள்ளக்குறிச்சிக்குப் பஸ் ஏறினார்கள். நடந்ததைக் கேட்ட லட்சுமியம்மாளுக்குக் கோபம் வந்தது.

"நான் கேட்டனா இல்லியா, இன்னா சீனுன்னு?"

"கேட்டீங்கம்மா."

"அம்மன் வரா, நிக்கறா, போறா. இத வுட இன்னாய்யா சீனு வேணும் ஒனக்கு?"

அப்போதே பக்கத்து அரிசி மண்டியின் தள்ளுவண்டியைக் கொண்டுவரச் சொன்னார். தூக்கி உட்காரவைத்ததும் ஆர்மோனியத்தை மடியில் வாங்கிக்கொண்டார். "நாந்தான் அம்மன். தள்ளுங்க. நீங்க முன்னால ஊதிக்கினே போங்க." எதிர்வீட்டுப் பச்சையம்மாள் வெறும் தட்டோடு வந்து வழிமறித்தார்.

"நடிச்ச காலத்துல ஒருத்திகூட எனக்கு ஆரத்தி எடுக்கல. இப்பத்தான் நேரம் வந்துருக்கு," என்றார் லட்சுமியம்மாள். தெரு முழுக்கச் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. மாயவனின் தோள் எங்கே ஏறுகிறது, எங்கே மூச்சு வாங்குகிறது என்றே பார்த்துக்கொண்டு வந்தார்.

அன்றைக்கே மெட்டை வெட்டினார். யாரும் கேட்காத பின்பாதி முன்னால் வந்தது. ஒரு வாசலிலிருந்து அடுத்த வாசலுக்குள் முடிந்துவிடும்படி துண்டு துண்டாக்கினார். டிரம்பெட் ஊதும்போது சாக்ஸபோன் மூச்சு வாங்கும், பிறகு மாற்றி.

"வாசல்ல நிக்கும்போது இன்னாங்கம்மா வாசிக்கிறது?"

"அங்க நான் மெட்டுப் போட மாட்டேன். கற்பூரம் எரியற வரைக்கும் உங்க இஷ்டம். ஆளுக்கு ஒரு வாசல். ஒரு தபா வாசிச்சத மறுதபா வாசிக்கக் கூடாது."

மாயவன் டிரம்பெட்டை இறக்கினார். "எங்க இஷ்டமாங்களா? எவனாவது கத்துனத வாசிச்சே பழகுனவங்கம்மா நாங்க."

"தெரியுது. அதுக்குத்தான் சொல்றேன்."

சித்திரையிலும் வைகாசியிலும் செங்கல் சூளைப் பக்கமே போகவில்லை. வேடியப்பன் எல்லோரையும் மலைக்கு இழுத்துப் போனான். கரியாலூர் ஏற்றத்தில் ஊதிக்கொண்டே ஏறினார்கள். பாதி வழியில் சின்னதுரை ரோட்டோரம் படுத்துவிட்டான். மாயவன் கீழே இறங்கி மறுபடி முதலிலிருந்து ஏறினார். திட்டிக்கொண்டே அவனும் எழுந்து வந்தான்.

ஆடி மாதம். நைனார்பாளையத்துத் தெருவில் வெயில் தாழ்ந்ததும் அம்மன் புறப்பட்டாள். முதல் துண்டை ஊதும்போது கூட்டம் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவதற்கு விழாக் கமிட்டிக்காரர் சுப்புராயனின் குரல் வந்துவிட்டது. "டேய் பேண்டு! இன்னாடா இது? புதுப்படத்துப் பாட்ட எட்றா!"

இத்தனை வருஷமும் அந்தக் குரல் கேட்டதுமே விரல் தானாக மாறிவிடும். இன்று மாயவன் திரும்பவில்லை. இன்னொரு முறை கத்தல் வந்தது. சின்னதுரை பயந்துபோய் அவரைப் பார்த்தான். மாயவன் மூச்சை இழுத்து அடுத்த துண்டைத் தொடங்கினார்.

முக்கு வீட்டில் அம்சவள்ளி கற்பூரத் தட்டோடு வந்து நின்றார். சின்னதுரையின் முறை. தடுமாறித்தான் தொடங்கினான். பிறகு கண்ணை மூடிக்கொண்டான். கரியாலூர் ஏற்றத்தில் திட்டிய திட்டெல்லாம் அந்தச் சாக்ஸபோனில் வந்தது என்று மாயவன் பின்னால் சொல்வார். வேடியப்பன் சத்தத்தைக் குறைத்து அவனுக்கு வழிவிட்டான். கற்பூரம் அணைந்தது. சாமி தூக்கியவர்கள் நகரப் பார்த்தார்கள்.

"இருங்க," என்றார் அம்சவள்ளி. "இன்னொரு கற்பூரம் வெக்கிறேன். அவரு முடிக்கட்டும்."

அவரு. மாயவன் தலையைத் திருப்பி அந்தப் பெண்ணைப் பார்த்தார். அதன் பிறகு தெருவில் யாரும் பாட்டுப் பெயர் கத்தவில்லை.

சுப்புராயன் வீட்டு வாசல் வந்தது. அவர் முன்னால் வந்து, குரலைக் கொஞ்சம் இறக்கிச் சொன்னார்: "மாயவா, முக்கு வூட்டாண்ட சின்னதுரை வாசிச்சானே, அத இங்க ஒருதபா வாசிக்கச் சொல்லு."

"அது அந்த வாசலோட போச்சுங்க. உங்க வாசலுக்கு என் மொற," என்று சொல்லிவிட்டு டிரம்பெட்டை உயர்த்தினார் மாயவன்.

அம்மன் கோயிலுக்குள் போன பிறகு ஐவரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்கள்.

"செவப்புச் சட்டை இன்னாச்சுடா?" என்று கேட்டார் மாயவன்.

"மொதல்ல இந்தச் சட்ட காயட்டும்ணே," என்றான் சின்னதுரை, வேர்வையைப் பிழிந்துகொண்டே.

அறுவடைக் காலத்தில் ஐவரும் மறுபடி கரியாலூருக்கு ஏறினார்கள். சாமை அறுப்புக்குப் பாட்டுக் கட்டும் ஆயம்மாளைப் பற்றி வேடியப்பன் சொல்லியிருந்தான். காட்டில் கதிர் அறுத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்ததும் மாயவன் வணக்கத்துக்கு முன்னால் விஷயத்தைச் சொன்னார்.

"அம்மா, எங்களுக்கு ஒரு பாட்டு வேணும். மொதல்லயே சொல்லிடறேன், நாங்க நடந்துக்கினே ஊதறவங்க."

ஆயம்மாள் அரிவாளைத் தோளில் சாய்த்துக்கொண்டார். "பின்ன? உக்காந்துக்கினு எவன் ஊதுவான்?" என்றவர், அடுத்த கதிர்வரிசைக்கு நகர்ந்தபடியே, "இப்படிக் கூட வா, நடந்துக்கினே சொல்லு," என்றார்.