வாயில் ஒரு சொட்டும் விடமாட்டேன்

பிள்ளைகளே, என் மனைவிக்கு மூச்சு முட்டி, மதுரையில் ஒரு மருத்துவமனையில் வென்டிலேட்டர் வைத்திருந்தார்கள். வாய் வழியாகத் தொண்டைக்குள் குழாய் போயிருந்தது. கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தியே வைத்திருந்த நர்ஸ், அடிக்கடி அவள் வாயைச் சுத்தம் செய்து, ஊறும் எச்சிலை உறிஞ்சி எடுப்பார்.

"வாயில எதுவும் ஊத்திராதீங்கண்ணே. குழாய் ஓரமா நுரையீரலுக்குள்ள எறங்கிரும். நிமோனியா வந்தா தாங்க மாட்டாங்க" என்றார்.

மேலூரிலிருந்து அவளுடைய தாய்மாமா வந்தார். அவளைத் தூக்கி வளர்த்தவர். பள்ளிவாசலில் ஓதி வாங்கிய தண்ணீர் அவர் கையில் இருந்தது. அவள் உதடு காய்ந்திருப்பதைப் பார்த்ததும் பாட்டிலைத் திறந்துவிட்டார். நான் குறுக்கே நின்றேன்.

"தள்ளு மாப்ள. ஓதுன தண்ணியவே தடுக்குற அளவுக்குப் பெரிய ஆளாயிட்டியா?"

"நெத்தியில தடவுங்க மாமு. வாயில ஒரு சொட்டும் விடமாட்டேன்."

"அம்புட்டுத் திமிரா? ஊரெல்லாம் சொல்லுவேன்."

"சொல்லுங்க. மைக் வேணும்னா நானே புடிச்சுத் தாரேன்."

நான் நகரவில்லை. கடைசியில் அவர் விரலை நனைத்து அவள் நெற்றியில் தடவிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார்.

பயந்தபடி நிமோனியா வரவில்லை. குழாயை எடுத்து, அவளால் விழுங்க முடிகிறதா என்று சோதித்த பிறகு, நர்ஸே முதல் கரண்டித் தண்ணீரைக் கொடுத்தார்.

பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே என்று என் வீட்டுப் பிள்ளைகளிடம் நானும் சொல்கிறவன்தான். ஆனால் உயிருக்கு ஆபத்து என்றால், பாசத்தோடு வருகிற கையையும் தடுக்கத்தான் வேண்டும். அன்று பேசியதற்கு மாமுவிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.