சேவுகன் தேர்ந்த முள்

திங்கட்கிழமை காலை கடைப் பூட்டில் சாவியை நுழைத்துக்கொண்டிருந்தேன். சேவுகனின் தம்பி சைக்கிளில் வந்து, இறங்காமலே, "அண்ணன் போயிட்டாக" என்றார். ஊருக்குத்தான் போயிருக்கிறார் என்று நினைத்து, "எங்குட்டு?" என்றுகூடக் கேட்டுவிட்டேன். அவர் அழத் தொடங்கிய பிறகுதான் புரிந்தது.

காரைக்குடியில் பதினாறு ஆண்டுகள், சேவுகனும் நானும் ஒரே மேசையின் இரு பக்கம் உட்கார்ந்து ரேடியோவும் ரெக்கார்டு பிளேயரும் பழுது பார்த்தோம். கொடுத்த பெட்டிக்காக வாரக்கணக்கில் நடந்து, இன்று அவருக்காக இங்கே கூடியிருக்கும் உங்களில் பலருக்கு அவர்மேல் கோபம் இருந்திருக்கும். எனக்கும் இருந்தது. அந்தக் கோபத்தில் நான் செய்த ஒரு காரியத்தை இப்போதாவது சொல்லிவிட வேண்டும்.

அறுபதுகளின் கடைசியில் கொத்தமங்கலத்திலிருந்து வள்ளியம்மை ஆச்சி ஒரு பழைய ரெக்கார்டு பிளேயரைக் கொண்டுவந்தார். அவர் கணவர் பினாங்கிலிருந்து நண்பரிடம் கொடுத்தனுப்பியது. கூடவே ஒரு தட்டு. அங்கே ஓர் ஒலிப்பதிவுக் கடையில் அவரே பேசிப் பதிந்த தட்டு அது. அடுத்த மாதம் அவர் அங்கேயே காய்ச்சலில் இறந்துபோனார். இங்கே பிறந்திருந்த மகள் உமையாளை அவர் பார்க்கவே இல்லை.

"கடைசியிலதான் பிள்ளை பேரைச் சொல்லுவாக," என்றார் ஆச்சி. "அவ கைப்பிள்ளையா இருக்கையில நாலஞ்சு தடவை போட்டேன். போடப்போடக் குரல் தேயுதுன்னு எடுத்து வச்சிட்டேன். வர்ற மாசம் அவளுக்குக் கல்யாணம். அதுக்கு முன்னால அவ ஒரு தடவை கேக்கணும் தம்பி."

முள்ளைப் பிடித்துக்கொண்டு ஒலியை எடுக்கும் கார்ட்ரிட்ஜ் செத்திருந்தது. மதுரையில் அதே அளவில் ஒன்று கிடைத்தது. மாட்டியதும் பாடியது. ஆனால் தட்டை அழுத்தும் பாரம் அதற்கு அதிகம். சேவுகன் ஆச்சியின் தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். அலுமினியத் தகட்டின்மேல் மெல்லிய கறுப்புப் பூச்சு. தட்டு முடியும் உள்வட்டத்துக்குச் சற்று முன்னால் ஓரிடத்தில் கொப்புளம்போல் உப்பியிருந்தது.

"இந்த முள்ளு பாடாதுய்யா, உழுதுரும்," என்றார்.

பாரம் குறைந்த வேறு ஜாதி கார்ட்ரிட்ஜுக்குச் சென்னைக்கு எழுதினார். அது தரும் ஒலி மிகச் சன்னம். அதைப் பெருக்கத் தனியாக ஒரு சின்னப் பெட்டி கட்ட வேண்டும். நாட்கள் ஓடின. கல்யாணத்துக்கு எட்டு நாள் இருந்தது. ஆச்சி வீட்டிலிருந்து தினமும் ஆள் வந்தது. ஒரு மதியம் சேவுகன் சாப்பிடப் போயிருந்தபோது, மதுரைச் சாமானே போதும், நாளைக்கு வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று நான் சொல்லியனுப்பிவிட்டேன்.

மறுநாள் ஆச்சியே வந்து நின்றார். சேவுகனுக்கு அப்போதுதான் விஷயம் தெரிந்தது. என்னை ஒருமுறை பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன்.

"நேத்து நாங்க அவசரப்பட்டுச் சொல்லிட்டோம் ஆச்சி," என்றார். "இதை மாட்டுனா ஒருக்காகூட முழுசாக் கேப்பீகளான்னு எனக்குத் தெரியலை. இன்னும் கொஞ்சம் பொறுக்கணும்."

ஆச்சி படியிறங்கிப் போனார். அந்த வாரம் முழுவதும் நானும் சேவுகனும் வேலைக்கு வேண்டியதைத் தவிர வேறு பேசவில்லை.

சென்னைப் பார்சல் கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால் வந்தது. பக்கத்துப் பத்தரிடம் தங்கம் நிறுக்கும் தராசை இரவல் வாங்கி, முள் அழுத்தும் பாரத்தைச் சேவுகன் திரும்பத் திரும்ப நிறுத்தார். பழைய தட்டுகளில் சோதித்தார். ஆச்சியின் தட்டை மட்டும் தொடவில்லை.

கல்யாணத்துக்கு முந்தைய நாள் காலை கொத்தமங்கலம் போனோம். முகப்பில் பந்தல் வேலை நடந்துகொண்டிருந்தது. உள் அறைக் கதவைச் சாத்தினார்கள். ஆச்சி, உமையாள், நாங்கள் இருவர். முள் இறங்கியது. இரைச்சலுக்குள்ளிருந்து ஓர் ஆண் குரல், வீட்டில் எல்லோரும் சுகந்தானா என்று கேட்டது. உமையாள் பெட்டியருகே வந்து உட்கார்ந்தாள்.

கொப்புளத்துக்கு முன்னால் சேவுகன் முள்ளைத் தூக்கிவிட்டார்.

"இதுவரைக்கும் கேட்டது பத்திரமா இருக்கும். இனிமே முள்ளு தாண்டவும் செய்யலாம், பூச்சை உரிச்சுக்கிட்டும் போகலாம். நான் உறுதி சொல்ல முடியாது. நீங்கதான் சொல்லணும்."

"வேணாம்," என்றார் ஆச்சி. "இதாவது மிஞ்சட்டும்."

"போடச் சொல்லுங்க ஆத்தா," என்றாள் உமையாள். "நீங்க கேட்டுட்டீக. நான் கேக்கலை."

சேவுகன் ஆச்சியையே பார்த்தபடி நின்றார். ஆச்சி மகளைப் பார்த்துத் தலையசைத்தார்.

முள் மறுபடி இறங்கியது. ஒவ்வொரு சுற்றிலும் டக்கென்ற சத்தம். பூச்சு துகள்துகளாக முள்ளைச் சுற்றிச் சேர்ந்தது. குரல் அறுந்தது, வந்தது, மறுபடி அறுந்தது. சேவுகன் முள்ளைத் தாங்கும் கைக்கு அடியில் சுண்டுவிரலை நீட்டி, தொடாமல் வைத்திருந்தார். பிறகு தெளிவாக வந்தது: "உமையாளைப் பாக்க வர்றேன்."

அதோடு தட்டு முடிந்தது. கொப்புளம் இருந்த இடத்தில் அலுமினியம் தெரிந்தது. இனி அந்தப் பகுதி பாடாது.

"எல்லாரும் உமைன்னுதான் கூப்புடுறீக," என்றாள் அவள். "என்னைப் பெத்த அப்பச்சி முழுசாச் சொல்றாக." ஆச்சி அவளை இழுத்து அணைத்துக்கொண்டார்.

திரும்பும் பஸ்ஸில் சேவுகன் பக்கத்தில் உட்கார்ந்தேன். மதுரைச் சாமான் விஷயத்தில் செய்தது தப்புதான் என்று நான் ஆரம்பித்தேன். "திருத்திக்கிட்டோம்ல, விடு," என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பின் எப்போதும் அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை.

அவருடைய கருவிகளைத் தம்பி எடுத்துக்கொள்ளட்டும். அன்றிலிருந்து, ஒரு பெட்டியைத் திறப்பதற்கு முன், அதில் என்ன கெட்டுப்போகக்கூடும் என்பதை உரியவரிடம் முதலில் சொல்லிவிடுகிறேன். அதைக் கேட்டுச் சிலர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு கடைக்குப் போகிறார்கள். போகட்டும். சேவுகனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதுதான்.