எங்காங் கூடு இருந்த மரம்

என் கணவருக்கு மியூசியத்தில் பறவைத் தோல் உரிக்கிற வேலை. சுட்டுக் கொண்டுவரும் பறவைகளின் தோலைக் கிழியாமல் கழற்றி, உள்பக்கம் பாஷாணம் கலந்த சோப்பைப் பூசி, பஞ்சு அடைத்துத் தைப்பார். கல்யாணமாகி நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி மலாய் நாட்டு பிரிக்பீல்ட்ஸுக்கு வந்த புதிதில் அந்த விஷத்தை நினைத்தே எனக்குச் சோறு இறங்காது. அவர் கைகழுவிவிட்டு வந்தாலும் இன்னொரு முறை கழுவச் சொல்வேன். மறுபேச்சில்லாமல் எழுந்துபோய்க் கழுவுவார். கோபமும் கிடையாது, பேச்சும் கிடையாது. ஒரே வீட்டில் இருந்துகொண்டே அவருக்காக ஏங்கியவள் நான்.

அப்போது கிள்ளான் பக்கத்துக் காடுகளை அழித்து ரப்பர் போட்டுக்கொண்டிருந்தார்கள். அலகின்மேல் கொம்பு வைத்த பெரிய பறவை ஒன்று அந்தக் காடுகளில் உண்டு. மலாய்க்காரர்கள் எங்காங் என்பார்கள். நம் ஊர் மலைப்பக்கம் இருவாச்சி என்பது இதன் சொந்தம்தான். மியூசியப் பெட்டிகளில் அதன் தோல்கள் நிறையக் கிடந்தன. உயிரோடு அது எப்படிக் குஞ்சு பொரித்து வளர்க்கிறது என்பதை அங்கே யாரும் முழுசாகப் பார்த்ததில்லை. காடு போகிற வேகத்தில் பார்க்காமலே போய்விடுவோம் என்று மியூசியத் துரைக்குக் கவலை. கிள்ளானுக்கு அப்பால் காப்பார் என்ற ஊருக்கு உள்ளே, ஒரு தோட்டத்தை ஒட்டிய காட்டில் கூடு இருப்பது தெரிந்ததும், கூடவே இருந்து பார்த்து எழுதச் சொல்லி என் கணவரை அனுப்பினார்.

"நானும் வரேங்க" என்றேன்.

"அங்க கொசுவும் அட்டையும்தான் இருக்கு."

"இங்க யாரு இருக்கா?"

அவர் பரணிலிருந்து பெரிய பெட்டியை இறக்கினார்.

கிள்ளான் வரை ரயில், அப்புறம் மாட்டு வண்டி. தோட்டத்தில் கூலியாட்கள் குடியிருக்கும் லயத்தில் கடைசி அறையைக் கொடுத்தார்கள். கூடு இருந்த மரம் அங்கிருந்து நடக்கிற தூரத்தில்தான். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும், அவ்வளவு உயரம். நடுமரத்தில் ஒரு பொந்து. பெட்டைப் பறவை உள்ளே போய் உட்கார்ந்து, வாசலை மண்ணாலும் எச்சத்தாலும் பூசி அடைத்திருந்தது. அலகு நுனி நீட்டுகிற அளவுக்கு மட்டும் ஒரு கீறல். ஆண் பறவை வருவது பார்ப்பதற்கு முன்னால் காதில் விழும். சிறகு காற்றைத் தள்ளுகிற சத்தம் அப்படி. தொண்டையில் அடக்கிவந்த அத்திப்பழங்களை ஒவ்வொன்றாக மேலே கொண்டுவந்து அந்தக் கீறலுக்குள் ஊட்டும்.

சோறு கொண்டுபோன நான் முதல் நாளே அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த மரத்தடியில்தான் என் கணவர் பேச ஆரம்பித்தார். தாழ்ந்த குரலில், பறவை பயப்படாதபடி. சின்ன வயதில் செத்துப்போன தங்கையைப் பற்றி, தோல் உரிக்கக் கற்றபோது முதன்முதலாகக் கையில் வைத்திருந்த மீன்கொத்தியைப் பற்றி. "இன்னும் சூடு ஆறல அதுக்கு" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் காட்டில் எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

பிறகு அவருக்குக் காய்ச்சல் வந்தது. கொய்னா மாத்திரை விழுங்கிவிட்டுக் கம்பளிக்குள் நடுங்கியபடி கிடந்தார். "நீ போய்ப் பாரு புள்ள. என்ன கொண்டுவருதுன்னு மட்டும் வந்து சொல்லு" என்றார். பார்த்ததைச் சாயங்காலம் நான் சொல்லச் சொல்ல அவர் இங்கிலீஷில் எழுதிக்கொண்டார். ஒரு நாள் பல்லி, ஒரு நாள் வெட்டுக்கிளி, மற்றபடி அத்திப்பழம்.

ஒரு காலையில் பூச்சு உதிர்ந்து விழுந்தது. பெட்டை உள்ளிருந்து வாசலைக் கொத்திக்கொண்டிருந்தது. கடைசியில் தலை வந்தது, உடம்பு வந்தது. பறக்கத் தெரியாததுபோல் பக்கத்துக் கிளைக்குத் தாவி உட்கார்ந்தது. அழுக்கும் கசங்கலுமாக இருந்தாலும் அது வெயிலில் சிறகை விரித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. லயத்துக்கு ஓடினேன். அவர் கம்பளியோடு எழுந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"குஞ்சு தனியா இருக்குங்க. வாசல் தொறந்து கெடக்கு."

"பேசாத. அங்க பாரு."

உள்ளே இருந்த குஞ்சு தன் சின்ன அலகால் வாசலைத் தானே பூசிக்கொண்டிருந்தது. அவர் சத்தமில்லாமல் சிரித்தார்.

அந்த வாரமே மரம் வெட்டுகிற ஆட்களோடு கங்காணி வந்துவிட்டார். தோட்டத்துத் துரையின் உத்தரவு, அந்தப் பக்கம் முழுக்க வெட்டவேண்டும்.

"அண்ணே, குஞ்சு உள்ள இருக்கு. பறக்கற வரைக்கும் பொறுக்கக் கூடாதா?"

"துரை கேட்டா நான் என்னம்மா சொல்றது? குருவிக்குஞ்சு இருக்குன்னா?" என்றவர், மேலே பார்த்தார். ஆண் பறவை ஊட்டிக்கொண்டிருந்தது. அது பறந்துபோகும்வரை பார்த்துக்கொண்டே நின்றார். "ஆத்தோரமா மொதல்ல வெட்றோம். அதுக்குள்ள எதாவது ஏற்பாடு பண்ணிக்கிங்க."

என் கணவர் சொல்லியனுப்ப, மியூசியத் துரை வந்து தோட்டத்துத் துரையிடம் பேசினார். குஞ்சு போகும்வரை அந்த ஒரு மரத்தை மட்டும் விடுவதாக ஏற்பாடாயிற்று. சுற்றிலும் மற்ற மரங்கள் சாய்ந்தன. சாய்கிறபோது லயத்துத் தரைகூட அதிரும். அத்தி மரங்களும் போனதால் பறவைகள் வெகுதூரம் போய்வந்தன. குஞ்சு பசியில் கத்துவது எங்களுக்குக் கேட்கும். ஆனாலும் அது வளர்ந்தது. வெட்டவெளியில் ஒற்றையாக நின்ற மரத்திலிருந்து ஒரு நாள் வெளியே வந்து, தாயும் தகப்பனும் இரண்டு பக்கமும் போக, மலைப்பக்கம் பறந்தது. ஆட்கள் கோடாலியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள்.

மலைக்காடுகளிலாவது கொஞ்சம் வெட்டாமல் விடவேண்டும் என்று மியூசியத் துரை சர்க்காருக்கு எழுதினார். கொஞ்சம் விட்டார்கள். காப்பார் பக்கத்துத் தாழ்வான காட்டுக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை.

அடுத்த வருஷம் கூடு கட்டுகிற பருவத்தில் நாங்கள் இருவரும் போய்ப் பார்த்தோம். மரம் இல்லை. முழங்கால் உயரத்துக்கு ரப்பர் கன்றுகள். ஆனால் ஜோடி வந்தது. மரம் நின்ற இடத்துக்கு மேலே சுற்றியது, இறங்குவதுபோல் தாழ்ந்தது, மறுபடி எழும்பியது.

"எடத்தத் தேடுது" என்றார் அவர். தோல் உரிக்கிற வேலையை அவர் விடவில்லை, வேறு வேலை தெரியாது. எங்காங் வந்தால் மட்டும் கூட வேலை செய்பவரிடம் தள்ளிவிடுவார்.

சில வருஷம் கழித்து அவர் மார்ச்சளிக் காய்ச்சலில் இறந்தபின், ஊருக்குத் திரும்பச் சொல்லி அண்ணன் கூப்பிட்டார். நான் போகவில்லை. காரியமெல்லாம் முடிந்து கொஞ்ச நாளில், தனியாகவே கிள்ளானுக்கு ரயிலேறி, அங்கிருந்து காப்பாருக்குப் போனேன். கன்றுகள் வளர்ந்து நிழல் கட்டியிருந்தன. எந்த இடம் என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. ரப்பர்ப் பால்வாளியோடு வந்த ஒரு பெண் நின்றாள்.

"யாரக்கா தேடுறீங்க?"

"இங்க ஒரு மரம் இருந்துச்சு."

"எல்லாமே மரந்தானேக்கா" என்று சிரித்தாள். என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். தூக்குச்சட்டியிலிருந்து ஆறிப்போன தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். குடித்தேன். அவள் அடுத்த மர நிரைக்குப் போனபின்னும், இலைகளுக்கு நடுவே தெரிந்த கொஞ்சம் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.