கதவு திறந்திருந்த வீடு

படகில் வந்து இறங்குகிறவர்களைக் கடற்கரை விடுதிக்கு ஏற்றிப் போகும் வேனை ஓட்டுகிறவர் அவர். தீவில் எல்லோரும் அவரைக் ‘கைடு’ என்றுதான் கூப்பிடுவார்கள். படித்து வாங்கிய பட்டமில்லை, வாய் வாங்கிக் கொடுத்தது. ஸ்டியரிங்கைத் தொட்டால் போதும், அவருக்கு வாய் தானாகத் திறந்துகொள்ளும்.

பாறைப் பக்கம் வெறுங்காலோடு இறங்காதீர்கள், தண்ணீருக்குள் முள்ளுப்பந்து மாதிரி ஒரு உயிர் கிடக்கும், குத்தினால் விடுமுறை முழுக்க நொண்டிதான் என்பார். உச்சி வெயிலில் மணலில் படுத்தால் சுட்ட கத்தரிக்காயாகத்தான் வீடு போய்ச் சேருவீர்கள் என்பார். யாரையும் படம் எடுக்கும் முன்னால் சிரித்து ஒரு வார்த்தை கேளுங்கள் என்பார். எல்லாம் நல்ல புத்திதான். கேட்டு நடந்தவர்கள் யாரும் கெட்டுப்போனதில்லை.

கடல் தெரிகிற கடைசி வளைவு வந்ததும் குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொல்வார். எங்கள் தீவில் எந்த வீட்டுக்கும் கேட்காமல் நுழையலாம், கதவு திறந்திருந்தால் அது உங்கள் வீடு, மூத்த பெண்ணாக இருந்தால் ‘அக்கா’ என்று கூப்பிடுங்கள், அது போதும் என்பார். வேனில் இருப்பவர்கள் உருகிப்போவார்கள். சொல்கிற மனுஷன் சொந்த அக்கா வீட்டு வாசலை மிதித்தே வருஷக்கணக்காகிறது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அக்கா வீடு, மீன் இறங்கும் துறைக்குப் பின்னால் ஒரு சந்தில். மீன் ஆய்ந்து கொடுத்துப் பிழைக்கிறாள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான், பிள்ளை இல்லை. அம்மா போன பிறகு இவருக்கு எண்ணெய் தடவித் தலை சீவிப் பள்ளிக்கூடம் அனுப்பியவள் அவள்தான். ஆனால் இவர் மகளுக்கு விடுதி மேனேஜர் வீட்டில் சம்பந்தம் கூடிவந்தபோது, இவருக்கு அக்காவின் கை ஞாபகம் வந்தது. எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத அந்த மீன்வாடை. கல்யாணத்துக்கு ஊரையே கூப்பிட்டவர் கூடப் பிறந்தவளை விட்டுவிட்டார். அலைச்சலில் மறந்துவிட்டேன் என்று யாரிடமோ சொல்லி அனுப்பினார். பதில் வரவில்லை. அன்றிலிருந்து வேன் அந்தச் சந்தைச் சுற்றிக்கொண்டுதான் போகும். ஆண்டவன் முன்னால் நிற்கும்போதுகூட அந்தப் பேச்சை மட்டும் எடுக்கமாட்டார். அவனுக்குத் தெரியாத மாதிரி!

இந்த முறை விடுதியில் வேறு பாஷை பேசுகிற ஒரு வயதான தம்பதி வந்து தங்கியிருந்தார்கள். காலையில் ஒரு பொட்டலத்தோடு வேனில் ஏறிய அந்த அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

“நீங்க சொன்னது அப்படியே உண்மை! நேத்து மழையில மாட்டிக்கிட்டோம். ஒரு கதவு திறந்திருந்தது, நுழைஞ்சிட்டோம். துண்டு கொடுத்து, சோறு போட்டு, மழை விட்டதும்தான் அனுப்பினாங்க. அவங்களுக்கு ஒரு சேலை வாங்கியிருக்கோம். அவங்க பேசுறது எங்களுக்குப் புரியல. நீங்கதான் கூட வந்து சொல்லணும்.”

“எந்த வீடு?”

“மீன் துறைக்குப் பின்னால. நீலக் கதவு.”

அது அக்கா வீட்டுக் கதவு. “அந்தச் சந்துக்குள்ள வேன் போகாதே” என்றார்.

“நடந்து போவோம்!” என்றார் பெரியவர்.

அக்கா வாசலில் பலகை போட்டு உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். பார்வை தம்பி மேல் ஒரு கணம் நின்றது.

“வாங்க டிரைவர் ஐயா” என்றாள்.

அந்த ‘ஐயா’வே போதும், அவர் திரும்பி ஓட. ஆனால் விருந்தாளி அம்மா “அக்கா!” என்று குனிந்து கட்டிக்கொண்டாள். அவளுடைய வெள்ளைச் சட்டையில் மீன்செதில் ஒட்டியது. அந்த அம்மா தட்டிக்கூட விடவில்லை. இவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“நேத்து நீங்க செஞ்சதுக்கு நன்றி சொல்லச் சொல்றாங்க. இந்தச் சேலை உங்களுக்காம்” என்றார்.

“நன்றி என்ன நன்றி? நனைஞ்ச கோழி மாதிரி நின்னாங்க. அக்கான்னு கூப்பிட்டாங்க. அதைச் சொல்லிக் கொடுத்த புண்ணியவான் யாரோ, நல்லா இருக்கட்டும்.”

தனியாகவா இருக்கிறீர்கள், சொந்தக்காரர்கள் யாரும் இல்லையா என்று கேட்கச் சொன்னார் பெரியவர். கேட்டார்.

அக்கா கத்தியை எடுத்தபடியே சொன்னாள்: “ஒரு தம்பி இருக்கான். பெரிய இடத்துச் சம்பந்தம், அதனால கொஞ்சம் மறதி. அப்படியே சொல்லுங்க டிரைவர் ஐயா, ஒரு சொல்லு குறையக் கூடாது.”

இவர் பெரியவர் பக்கம் திரும்பினார். அவர்கள் பாஷையில், “சொந்தம்னு யாரும் இல்லையாம்” என்றார்.

விருந்தாளி அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஈரக் கை என்றுகூடப் பார்க்காமல் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அக்கா அந்த முகத்தைப் பார்த்தாள், பிறகு இவரைப் பார்த்தாள்.

“நான் சொன்னதுக்குச் சிரிப்புல்ல வரணும்? இந்தம்மா எதுக்கு அழுவுது? என்ன சொன்னீங்க?”

இவர் தரையைப் பார்த்தார்.

“என்னடா சொன்னே?”

அந்த ‘டா’வைக் கேட்டு எத்தனை காலமாயிற்று! இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “உனக்கு யாரும் இல்லைன்னு சொல்லிட்டேன்க்கா.”

அக்கா கத்தியைக் கீழே வைத்தாள்.

“கல்யாணத்துக்குக் கூப்பிடாதப்பகூட என் தம்பி உசிரோட இருக்கான்னுதானேடா எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருந்தேன். நீயே அவனைச் சாகடிச்சிட்டியே.”

அவர் விருந்தாளிகள் பக்கம் திரும்பினார். எந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருந்த வாய் இப்போது திக்கியது. இவள் என் கூடப் பிறந்த அக்கா, நான் சொன்னது பொய் என்று சொல்லி முடிப்பதற்குள் வேர்த்துவிட்டது. ஏன் மறைத்தீர்கள் என்று பெரியவர் மெதுவாகக் கேட்டார். மீன்வாடைக்காக என்று எந்தப் பாஷையில் சொல்வது? அந்த அம்மா திட்டியிருந்தால்கூடத் தேவலை. அக்காவின் கையை மட்டும் விடவே இல்லை.

அக்காவே எழுந்தாள். “வந்தவங்களை நிக்க வெச்சே பேசிக்கிட்டிருக்கோம். உள்ள குடிக்கத் தண்ணி இல்ல. குடத்தை எடுத்துக்கிட்டுப் போய்ப் பிடிச்சிட்டு வா. மன்னிச்சிட்டேன்னு மட்டும் நினைச்சுக்காதே. தண்ணி வேணும், அவ்வளவுதான்.”

விடுதியின் பெயர் தைத்த சட்டையோடு குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருக்குழாய்க்குப் போனார். அங்கே பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள்.

“என்ன கைடு, வேனுக்குத் தாகமா?” என்றாள் ஒருத்தி. மற்றவர்கள் சிரித்தார்கள்.

“அக்கா வீட்டுக்கு.”

“எந்த அக்கா?”

“நீலக் கதவு வீடு. என் அக்கா.”

சிரிப்பு நின்றுவிட்டது. ஒருத்தி தன் குடத்தை நகர்த்தி, “முன்னால வந்து பிடிச்சுக்கங்க, வேலை கெடப்போகுது” என்றாள். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, அவர் வரிசையின் கடைசியில் போய்த் தலைகுனிந்து நின்றார்.