மைலோ டின்னில் கலந்த மாத்திரை

அன்பரசிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அடித்தும் கொண்டாள்.

பிரிஞ்சாங் டவுனிலிருந்து தோட்டத்துக்கு ஒரு நாள் முன்னதாக வந்ததுதான் அவள் செய்த குற்றம். தேயிலைத் தோட்டங்களில் முழங்கால் தேய்ந்தவர்களுக்குப் புது மாத்திரையைக் கொடுத்துச் சோதிக்கும் ஆராய்ச்சிக் குழுவில் அவளுக்கு வேலை. பாதிப் பேருக்கு நிஜ மருந்து, மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத மாத்திரை. யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. பதினைந்து நாளுக்கு ஒரு முறை தொழிலாளர் வீட்டு வரிசைகளில் லயம் லயமாக ஏறி இறங்கி, போத்தலில் மிச்சம் எத்தனை, வலி எவ்வளவு என்று கேட்டு எழுத வேண்டும். அவளும் இதே லயத்தில் பிறந்தவள்; நம்ம பிள்ளை கேட்டால் உள்ளதைச் சொல்லுவார்கள் என்றுதான் அவளை எடுத்தார்கள். நன்றாகச் சொன்னார்கள் போங்கள்!

சோதனையில் இருக்கும் செல்லத்தின் அடுப்படியில் மாத்திரைப் போத்தல்கள் இரண்டு காலியாக இருந்தன. பக்கத்திலிருந்த பழைய மைலோ பவுடர் டின்னில் மாத்திரைகள் ஒன்றாகக் கலந்து கிடந்தன.

"இது என்ன அத்தை?"

"மாத்திரதான். எனக்கும் துளசிக்கும் சேத்து."

துளசி செல்லத்தின் ஓரகத்தி, அடுத்த வீடு. இருவரும் ஒரே நாளில் சோதனையில் சேர்ந்தவர்கள். சேர்ந்த கொஞ்ச நாளிலேயே செல்லத்துக்கு வலி குறைந்தது, துளசிக்குக் குறையவில்லை. அவ்வளவுதான், துளசிக்கு வந்தது வெறும் மாவு என்று செல்லம் தீர்ப்பே எழுதிவிட்டாள். காட்டுப்பன்றிக் கறி கிடைத்தாலும் வீட்டுக்கொரு பங்கு என்று பிரித்தே பழகிய லயம். மருந்தை மட்டும் ஒருத்தி தனியாகத் தின்பதா? இரண்டையும் டின்னில் கொட்டிக் குலுக்கி, தினம் ஆளுக்கு ஒன்று. அன்பரசி வரும் நாளில் மிச்சத்தைச் சரிபாதியாகப் போத்தல்களில் போட்டு வைத்துவிடுவார்கள். இரண்டு மாதமாக எண்ணிக்கை அத்தனை சுத்தமாக இருந்ததன் ரகசியம் இதுதான்.

"யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னு மூணு தடவ சொன்னேனே! பெரிசா தலைய ஆட்டுனீங்களே!"

"வெளி ஆளுக்கா குடுத்தேன் லா? துளசிக்குத்தானே."

"ஐயோ அத்தை! வெறும் மாத்திரைய தின்னுட்டே வலி போச்சுன்னு சொல்றவங்க இருக்காங்க. உங்களுக்குப் போனது எதனாலன்னு இனி எந்தச் சாமி வந்து சொல்லும்? நாளைக்கு ஒருத்தருக்கு ஒத்துக்காம போனா, எதத் தின்னாங்கன்னு நான் எங்க போய்த் தேடுவேன்?"

செல்லம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எழுதாத பிள்ள. எழுதுனா மாத்திரய நிப்பாட்டிருவாங்க. சரிவுல ஏற முடியலன்னா கங்காணி பேர வெட்டிருவான். வேல போனா வீடும் போச்சு."

பொய்யில்லை. வேலைக்குத்தான் வீடு. அது தெரிந்ததால்தான் அன்பரசிக்கு எரிச்சல் இரட்டிப்பானது. ஆனால் இந்த மாத்திரை நல்லதென்று முடிவானால் நாளைக்கு எத்தனையோ ஆயிரம் பேர் விழுங்கப் போகிறார்கள். அதற்குப் பொய்க்கணக்கா கொடுப்பது? திட்டிக்கொண்டே எழுதினாள். திட்டிக்கொண்டே டாக்டருக்குப் போன் போட்டாள். இருவருக்கும் மாத்திரை நின்றது. வலியை மட்டும் இன்னும் ஆறு மாதம் வந்து கேட்டு எழுதச் சொன்னார் டாக்டர்.

"மாத்திர குடுக்காம, கால் எப்படி இருக்குன்னு மட்டும் கேக்க வருவியா?" என்றாள் துளசி.

பதினைந்து நாள் கழித்துப் போனபோது துளசி வாசலிலேயே நின்றிருந்தாள். "அக்கா வேலைக்கு மலை ஏறியே நாலு நாளாச்சு. எல்லாம் என்னாலதான்," என்று அழுதாள்.

உள்ளே செல்லம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். முழங்கால் வீங்கியிருந்தது.

"இந்தத் தடவையாச்சும் உள்ளதச் சொல்லித் தொலைங்க அத்தை. பத்துக்கு எவ்வளவு வலி?"

"மூணுதான் லா," என்றாள் செல்லம், வாசல்வரை கேட்கும்படி.

அன்பரசி வாயைத் திறப்பதற்குள், செல்லம் தன் மடியில் இரண்டு கைகளையும் வைத்து, பத்து விரலையும் விரித்துக் காட்டினாள்.